கறுப்புச் சித்திரக் கதைகளின் நாயகியர்

இத்தாலி நாட்டின் மிலான் மாநகரில் கடோர்னா என்றோர் இரயில் நிலையம் உண்டு. சரோன்னோ, கோமோ, வாரேசே முதலிய சுற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு வருவோர் காலையில் அங்கு வந்து இறங்குவர். மாலையில் அங்கிருந்தே வீடு திரும்புவர். 1960ஆம் ஆண்டை அடுத்த நாள்களில், அந்நிலையத்திற்கு அருகில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண்மணி இந்தக் கூட்டத்தைக் கூர்ந்து கவனித்து வந்தார். ஏறுமுன் ஏதேனும் படிக்க வாங்குகின்றனர். இறங்குமுன் படித்து முடிக்க விரும்புகின்றனர். கையிலுள்ள புத்தகமோ சட்டைப் பையில் அடங்குவதில்லை. பையில் அடங்கும் அளவில், ஒரு பயணத்தில் முடியும் நீளத்தில், மூச்சு விடாமல் படிக்கத் தூண்டும் கதையொன்றைக் கொடுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். நாள் முழுவதும் இரயில் கூட்டத்தையே பார்த்துக் கொண்டிருக்கும் நம்மனோர்க்கு இத்தகைய எண்ணம் ஒருநாளும் தோன்றுவதில்லை என்பதை ஈண்டுச் சொல்லி வைப்போம்.

அப்பெண்மணியின் பெயர் ஆஞ்ஜெலா ஜுஸ்ஸானி. 1922இல் மிலானில் பிறந்தவர். விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். பதிப்பாளர் ஒருவரின் மனைவி. அவர் தொடங்கிய அஸ்தொரீனா பதிப்பகம் 1962 நவம்பர் 1ஆம் நாள் 'டயபாலிக்' என்னும் சித்திரக் கதையின் முதல் இதழை வெளியிட்டது. அகலம் 12 சென்டிமீட்டர், உயரம் 17 சென்டிமீட்டர். பக்கத்திற்குப் பெரும்பாலும் இரண்டே படங்கள். விலை 150 லீரா. அவருடைய தங்கை லூச்சானாவும் விரைவில் உடன் சேர்ந்தார். அதன்பின் சகோதரியர் இருவரும் சேர்ந்தே கதைகளை எழுதினர். கதையின் முகப்பில் 'ஆ., லூ. ஜுஸ்ஸானி' எனத் தலையெழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதை அப்பெயரைக் கொண்டு எவரும் அறிய இயலாது.

இத்தாலியர் சித்திரக் கதையை 'ஃபுமெத்தி' என்பர். சிறு புகைச் சுருள்கள் என்பது பொருள். படத்திலுள்ளோர் பேசும் சொற்களைச் சூழ்ந்து வரையப்படும் குமிழியைப் புகைச் சுருளாகக் கண்டிருக்கின்றனர். நல்ல கற்பனைதான். துப்பறியும் நாவலை அவர்கள் 'மஞ்சள்' என அழைப்பர். 1929 முதல் மொண்டதோரி பதிப்பகத்தார் அவ்வகை நாவல்களை மஞ்சள் அட்டையில் வெளியிட்டதனால் வந்த பெயர் அது. குற்றவாளியே தலைவனாக நிற்கும் சித்திரக் கதைக்கோ 'கறுப்பு' என்ற அடைமொழி ஏற்பட்டது. டயபாலிக் வெற்றி பெறவே கிரிமினல், சாட்டானிக், சாடிக், சாகிமோர்ட் எனப் பல கறுப்பு இதழ்கள் அடுத்தடுத்துத் தோன்றின. இப்பெயர்கள் அனைத்திலும் 'கே' என்னும் எழுத்து வருவது வேடிக்கை. அவ்வெழுத்து இத்தாலிய நெடுங்கணக்கில் இல்லை. அயற்சொற்களுக்கே அதனை ஆள்வர். நம் மொழியில் ஜகரமும் ஷகரமும் போலக் காதில் விழுந்த மாத்திரத்தில் 'இது வேற்றூர்ச் சரக்கு' என்று அறிவிக்கும் எழுத்து அது. கொடியவனுக்கு அயலெழுத்தில் பெயர் வைப்பது எந்நாட்டார்க்கும் பொதுவான வழக்கம் போலும்.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இக்கறுப்புக் கதைகளில் பெண்களின் நிலை யாது?

முதலில் அவர்கள் நிலை இரங்கத் தக்கதாகவே இருந்தது. டயபாலிக் என்பவன் கிளர்வில் என்னும் கற்பனை நகரில் உலவும் திருடன், கொலைக்கும் அஞ்சாதவன். உடலெங்கும் இறுகப் பொருந்திய கரிய உடை, கண்களை மட்டும் காட்டும் முகமூடி, எறிவதற்குக் கத்தி, ஓட்டுவதற்குக் கறுப்பு ஜாகுவார் கார். எவருடைய முகத்தையும் அச்சு அசலாக ஒத்த மெல்லிய முகமூடிகளைச் செய்து அணிந்துகொள்ளும் வித்தையையும் அறிந்தவன். அவனுக்குத் தொடக்கத்தில் எலிசபெத் கே என்றொரு காதலி இருந்தாள். அவனை வால்டர் டோரியன் என்னும் கண்ணியமான செல்வன் என்றே அவள் நம்பியிருந்தாள். வீட்டுக்கடியில் அவன் அமைத்திருந்த மறைவிடத்தை ஒரு நாள் கண்டுபிடித்தாள். அஞ்சி நடுங்கிப் போலீசாருக்குச் செய்தி அனுப்பினாள். ஒழுங்கான எந்தப் பெண்ணும் செய்யக்கூடிய செயலையே அவள் செய்தாள். அதற்கு அவள் பெற்ற பரிசு சித்தம் கலங்கியதுதான். நல்லவளாயிருந்த அவளைக் கதை அங்கேயே கைவிட்டுவிட்டது. அறுபது ஆண்டுகளில் எழுதப்பட்ட ஏராளமான டயபாலிக் கதைகளுள் நமக்கு மனவருத்தம் தரும் பாத்திரம் இவளே.

எலிசபெத் விலகிய இடத்தில்தான் ஈவா கான்ட் வருகிறாள். 1963 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த மூன்றாம் இதழ். அதன் பெயர் 'டயபாலிக் கைது'. ஈவா ஒரு பிரபுவின் இளம் விதவை. கணவர் ஆப்பிரிக்காவில் ஒரு சிறுத்தையால் மாண்டார் என்பது அவள் கூற்று. ஊரார் வேறு விதமாகப் பேசிக் கொண்டனர். அவளிடம் இளஞ்சிவப்பு வைரம் ஒன்று உள்ளது என்று கேள்வியுற்று டயபாலிக் திருட வருகிறான். அறையில் அவனைக் கண்ட ஈவா கூச்சலிடவில்லை, மயங்கி விழவும் இல்லை, நின்று பேசுகிறாள். தன்னை வற்புறுத்தி மணக்க முயலும் காரோன் என்பவனின் பிடியில் அவள் அப்போது சிக்கியிருந்தாள். அவன் நீதித்துறையில் உயர்ந்த பதவி வகிப்பவன். அவளைப் பற்றிய இரகசியங்களைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டி வந்தவன்.

டயபாலிக் பிடிபட்டுத் தலை வெட்டும் தண்டனை பெறுகிறான். கருவி ஆயத்தமாகிறது, மாலையில் இதழைப் பிரித்த இரயில் பயணிகள், நாயகன் எவ்வாறு தப்புவான் என்று திகைத்திருப்பார்கள். அவன் தப்பவில்லை, தப்புவிக்கப்படுகிறான். தப்புவித்தவள் ஈவா. காரோனைச் சூழ்ச்சியால் சிறைக்கு வரவழைத்து, டயபாலிக்கின் முகமூடியை அவன்மேல் ஏற்றி, மிரட்டியவனையே வெட்டுக் கருவியின் கீழ்க் கிடத்தும் திட்டத்திற்கு வழி செய்தவள் அவளே. ஒரே செயலில் காதலனையும் மீட்டாள். தன்னை விலைபேசியவனையும் ஒழித்தாள். அறத்தின் தராசில் நிறுத்தால் இது கொடிய கொலையே, ஐயமில்லை. கதையின் தராசில் நிறுத்தாலோ, அதுவரை எவரும் எதிர்பாராதது நிகழ்ந்துவிட்டது. கட்டப்பட்டுக் கிடக்கும் பெண்ணை ஆண் வந்து மீட்பது பழைய கதை. இங்கே கட்டப்பட்டவன் ஆண், மீட்டவள் பெண்.

இதன் வலிமையை உணர வேண்டுமாயின் அந்நாளைய இத்தாலியைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டுப் பெண்கள் நாடு தழுவிய தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1946இல். பெண்கள் நீதிபதிகளாகலாம் என்னும் சட்டம் நிறைவேறியது 1963 பிப்ரவரியில். அதாவது ஈவா கான்ட் தோன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர். மனைவி பிறனோடு கூடினால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கணவனுக்கு அதே அளவுகோல் இல்லை. இவ்வேற்றுமையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1968இல்தான் நீக்கியது. விவாகரத்துச் சட்டம் 1970 டிசம்பரில் வந்தது. பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்ற விதி 1981 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. சிசிலித் தீவின் அல்காமோ என்னும் ஊரில் 1965 டிசம்பரில் கடத்திச் செல்லப்பட்ட ஃபிராங்கா வியோலா என்னும் பதினேழு வயதுப் பெண், அத்தகைய மணத்திற்கு உடன்பட மறுத்து வழக்குமன்றத்தில் நின்றாள். அந்த மறுப்பு நாடு முழுவதையும் உலுக்கியது.

இத்தகைய நாட்டில், இருவர் எழுதிய மலிவு விலைப் புத்தகம் ஒன்றில், மிரட்டி மணக்க வந்தவனை ஒருத்தி மணமேடைக்குப் பதில் வெட்டுமேடைக்கு அனுப்பினாள். எழுதியவர்கள் பெண்கள் என்பதை அறிந்தபின் அக்காட்சியைப் படிக்கும்போது நமக்கு வேறோர் ஒலியும் கேட்கிறது.

எனினும் ஈவாவை முழுமையாக விடுதலை பெற்றவள் என்று கொண்டாடுவதற்கு அவசரப்பட வேண்டா. தொடக்க ஆண்டு இதழ்களில் டயபாலிக் அவளிடம் கொடுமையாகவே நடந்துகொள்கிறான். ஆணையிடுகிறான், ஐயுறுகிறான், கை ஓங்குகிறான். அவளும் பொறுத்துக்கொள்கிறாள். திருட்டில் துணைவி, வீட்டில் அடிமை என்ற நிலை அது. இந்நிலை ஒரே நாளில் மாறவில்லை. இதழுக்கு இதழ் சிறிது சிறிதாக மாறியது. திட்டம் தீட்டும்போது அவள் கருத்தும் கேட்கப்பட்டது. அவளே முகமூடி அணிந்து தனியே களம் இறங்கினாள். அவனை மீட்கும் பொறுப்பு மீண்டும் மீண்டும் அவளைச் சேர்ந்தது. கண்மூடித்தனமான கொலைகளும் குறைந்தன. ஒரு கட்டத்திற்குப் பின் அவன் அவளிடம் கேளாமல் எதுவும் செய்வதில்லை. பொன்னிறக் கூந்தலை இறுக்கிப் பின்புறம் கொண்டையிட்ட அந்தத் தோற்றம் மட்டும் மாறவில்லை. கொண்டை கலைந்து விழும் படம் மிக அரிது. ஆண்களின் கண்ணுக்கு விருந்தாகக் கூந்தலைப் பறக்கவிடும் பிற இதழ்களின் நடுவே இது ஒரு தனி அடையாளமாகவே ஆயிற்று.

அவர்கள் மணம் புரிந்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. டயபாலிக்கை ஓயாது துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜின்கோவுக்கும் அல்தேயா என்றொரு காதலி உண்டு. அவள் உயர்குடிச் சீமாட்டி, விதவை, நேர்மையானவள். ஜின்கோவோ சட்டத்தின் உருவமே. ஆயினும் இவர்களும் மணம் புரியாமலே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். கள்வன் பக்கமும் காவலன் பக்கமும் ஒன்றுபோல் மணமின்றி நிற்கும் இந்த அமைப்பில், மாத இதழ் தொடர்ந்து வரவேண்டுமே என்ற வியாபாரக் கணக்கும் இருக்கலாம். குடும்பம் அமைந்துவிட்டால் இரவில் கூரை ஏறுவது எங்ஙனம்?

ஜுஸ்ஸானி சகோதரியரைப் பின்பற்றியோருள் முதன்மையானவர்கள் மாக்ஸ் பங்கர் என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளரும், மாக்னுஸ் என்ற புனைபெயர் கொண்ட ஓவியரும் ஆவர். 1964இல் அவர்கள் இரண்டு இதழ்களைத் தொடங்கினர். எலும்புக்கூட்டு உடை அணிந்த ஆண் கொலைஞனைக் கொண்டது 'கிரிமினல்'. அவனுக்கு லோலா ஹட்சன் என்னும் துணைவி. அவ்வாண்டு டிசம்பரில் வந்த மற்றொன்றே நாம் பேசத் தக்கது. அதன் பெயர் 'சாட்டானிக்'. அங்கே பெண் துணைவி அல்லள், அவளே தலைவி.

மார்னி பானிஸ்டர் ஓர் ஆராய்ச்சி அறிஞை, நுண்ணறிவுடையவள். ஆனால் பிறவியிலேயே முகத்தின் ஒரு பாதியைச் செந்தழும்பு மூடியிருந்தது. அழகிய அக்கைமார் ஏளனம் செய்கின்றனர், வீட்டில் அன்பில்லை, வேலையிடத்தில் அவள் அறிவுக்கு மதிப்பில்லை. பழைய இரசவாதி ஒருவரின் குறிப்புகளிலிருந்து அவள் ஒரு மருந்தைச் செய்கிறாள். குடித்ததும் முகம் மாறுகிறது. செந்நிறக் கூந்தலுடன் பேரழகியாகிறாள். நெஞ்சமும் உடன் மாறுகிறது. ஏளனம் செய்தோர் ஒவ்வொருவராய் வீழ்கின்றனர். மருந்தின் வேகம் தணிந்தால் பழைய முகம் திரும்பிவிடும். ஆகவே அழகுக்காகக் கொலை, கொலையை மறைக்க மேலும் ஒரு கொலை என்று கதை உருள்கிறது.

டயபாலிக்கைவிட இதனையே உயர்ந்த கதை என்று நாம் கருதுகிறோம். காரணம் உண்டு. ஈவா பிறவியிலேயே அழகி. அழகைப் பற்றி அவள் எண்ண வேண்டிய தேவையே இல்லை. மார்னிக்கு அழகு என்பது உலகம் கேட்கும் நுழைவுச்சீட்டு. சீட்டு இன்றி அறிவை மட்டும் கையில் ஏந்தி வந்தபோது வாயிலில் நிறுத்தப்பட்டவள் அவள். ஆராய்ச்சிக் கூடத்தில் பெற்ற தன் முழு அறிவையும் முகத்தை மாற்றுவதற்கே அவள் செலவிட நேர்ந்ததைப் படிக்கும்போது, பெண் பார்க்கும் படலத்தை ஒருமுறையேனும் கடந்த நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விளக்கம் தேவைப்படாது. பிற்காலத்தில் பேய், இரத்தக் காட்டேரி என்று கதை திசைமாறிச் சுவை குன்றியது. 1974இல் இதழ் நின்றது.

ஏனைய கறுப்பு இதழ்களைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. அவற்றுட் பலவற்றில் பெண் என்பவள் அட்டையில் அரைகுறை உடையுடன் அலறுவதற்கும் உள்ளே மாள்வதற்கும் மட்டுமே பயன்பட்டாள். இவை பெருகவே பெற்றோரும் பத்திரிகைகளும் கண்டனம் எழுப்பினர். காவல்துறையினர் இதழ்களைப் பறிமுதல் செய்தனர். பதிப்பாளர்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. ஜுஸ்ஸானி சகோதரியரும் குற்றம் புரியத் தூண்டியதாக வழக்குமன்றம் ஏறி விடுதலை பெற்றனர். கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. சிறுவர் கைக்கு எளிதில் எட்டும் விலையில் அவை விற்கப்பட்டன அன்றோ!

இதே காலத்தில் மிலானில் வேறொரு விந்தை நிகழ்ந்தது. 1965இல் தொடங்கப்பட்ட 'லீனுஸ்' என்னும் சித்திரக் கதை மாத இதழில், குய்தோ க்ரெபாக்ஸ் என்னும் ஓவியர் நியூட்ரான் என்றொரு துப்பறிவோனைப் படைத்தார். அவனுக்கு ஒரு காதலியையும் வரைந்தார். வாலெண்டினா என்னும் நிழற்படக் கலைஞர். குட்டையாக வெட்டிய கருங்கூந்தல். நாளடைவில் துப்பறிவோன் ஒதுங்கினான். கதை முழுவதும் அவளுடையதாயிற்று. சித்திரக் கதை மாந்தர் முதுமை அடைவதில்லை என்பது எழுதா விதி. வாலெண்டினாவுக்கோ 1942 டிசம்பர் 25 என்று பிறந்த நாளும் கொடுத்து, ஆண்டுகள் செல்லச் செல்ல வயதும் ஏற்றினார் அவர். ஆனால் இக்கதைகளில் காமம் மிகுதி. கலை நுட்பத்தை மெச்சினும், கூடத்து அலமாரியில் வைக்கும் நூல் அன்று.

திருடியும் கொலைஞியும் போய்த் துப்பறியும் அறிஞையே தலைவியாக வந்து நிலைத்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1998 அக்டோபரில் செர்ஜோ பொனெல்லி பதிப்பகத்தார் ஜான்கார்லோ பெரார்தி எழுதிய 'ஜூலியா' என்னும் இதழைத் தொடங்கினர். ஜூலியா கெண்டல் அமெரிக்காவில் ஒரு கற்பனை நகரில் குற்றவியல் கற்பிக்கும் பேராசிரியை. திரைப்பட நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் சாயலில் அவளை வரைந்துள்ளனர். துப்பாக்கியைவிட நாட்குறிப்பே அவள் கையில் மிகுதியும் காணப்படுகிறது. கொலையாளி யார் என்பதோடு, அவன் ஏன் அவ்வாறானான் என்பதையும் அறியாமல் அவளுக்கு உறக்கம் வராது. வீட்டில் எமிலி என்னும் பணியாள், வாய் ஓயாதவள், ஜூலியா உண்ணாமல் வேலைக்குப் புறப்பட்டால் சண்டைக்கு நிற்பாள். பெற்றோரை இழந்த ஜூலியாவை வளர்த்த பாட்டியும் கதையில் உண்டு. கொலைகாரி ஒருத்தியும் வருகிறாள். மிர்னா ஹாராட் என்பது அவள் பெயர். அவளைப் பிடிப்பதைவிட அவளைப் புரிந்துகொள்வதே ஜூலியாவுக்குப் பெரும்பாடாகிறது. இவ்வளவும் ஓர் ஆண் எழுதியவை. ஆணால் இயலாது என்று நாம் முன்னரே தீர்ப்பளித்துவிடாமல் இருப்பதற்கு இஃதொரு சான்று.

ஆஞ்ஜெலா 1987இலும் லூச்சானா 2001இலும் மறைந்தனர். டயபாலிக் நிற்கவில்லை. 1968இல் மரியோ பாவா இயக்கிய படத்தில் மரீசா மெல் ஈவாவாக நடித்தார். 2021இல் மானெத்தி சகோதரர்கள் எடுத்த படத்தில் மிரியம் லியோனே நடித்தார். பின்னைய படம் அந்த மூன்றாம் இதழின் கதையையே எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ அறுபதாண்டு கழித்து, படம் எடுக்க வந்தோர் டயபாலிக்கின் முதல் இதழை விடுத்து ஈவாவின் முதல் இதழைத் தேர்ந்தது கவனிக்கத் தக்கது.

நம் வாசகர்கள் இவர்களைச் சந்திக்க இத்தாலிய மொழி கற்க வேண்டியதில்லை. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன், முத்து காமிக்ஸ் வெளியீடுகளில் டயபாலிக்கும் ஜூலியாவும் தமிழ் பேசியிருக்கின்றனர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கச் சித்திரக் கதை நல்ல துணை என்பதனால், எவ்விதழை எவரிடம் கொடுப்பது என்னும் வினா நம் வீடுகளில் எழுவது இயல்பே. நம் கருத்தைக் கேட்டால், ஜூலியாவை மேல்வகுப்பில் பயிலும் பெண்ணிடம் தயக்கமின்றிக் கொடுக்கலாம். டயபாலிக்கை அதே வயதில் கொடுப்பதாயின், தாயார் முதலில் ஒருமுறை படித்துவிடட்டும். திருட்டைப் பற்றி மகளிடம் சொல்ல வேண்டியதை அவர் அறிவார். அந்த மூன்றாம் இதழின் கதையைப் பற்றி மகள் தாயிடம் கேட்கக் கூடியவையும் சில இருக்கும். வீட்டிலுள்ள மகனும் அருகில் அமர்ந்து கேட்கட்டும்.